கிளையன்ட் ‘முடியாது’ என்னும்போது: முடிவை அவர் கையில் விட்டுப் பேசுவது எப்படி?

பயிற்சி முடித்து ஆலோசகராக வேலைக்கு வந்த புதிதில் எல்லோரையும் திணறடிக்கும் பதில் ஒன்று உண்டு: “நீங்க சொல்றது சரிதான், ஆனா...” நீங்கள் நல்ல யோசனையாகத்தான் சொல்லியிருப்பீர்கள். எதிரே இருப்பவர் தலையாட்டுவார், ‘ஆனா’ போடுவார், ஒரு காரணம் சொல்வார். நீங்கள் இன்னும் கொஞ்சம் விளக்குவீர்கள். அவர் இன்னொரு காரணம் சொல்வார். பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் ‘மாற வேண்டும்’ என்ற கட்சிக்கு நீங்களும் ‘மாற முடியாது’ என்ற கட்சிக்கு அவரும் வாதாடிக்கொண்டிருப்பீர்கள். உதவி கேட்டு வந்தவர், வந்த காரியத்துக்கே எதிராகப் பேசும் நிலைக்குத் தள்ளப்பட்டிருப்பார்.

இந்த இடத்தில் கைகொடுக்கும் ஒரு பேச்சுமுறையைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். கட்டளைக்குப் பதில் தேர்வு. “இதைச் செய்யுங்கள்” என்பதற்குப் பதில் “இப்படியும் செய்யலாம், அப்படியும் செய்யலாம், செய்யாமலும் இருக்கலாம். எது உங்களுக்குச் சரிப்படும்?” பார்க்க எளிதாகத் தெரியும். ஆனால் கொடுக்கும் தேர்வு உண்மையானதாக இருந்தால்தான் இது வேலை செய்யும். ‘வேண்டாம்’ என்ற பதிலையும் மனதார ஏற்கத் தயாராக இல்லாதவர் வாயில் இந்த வாக்கியங்கள் வெறும் தந்திரமாகிவிடும், கிளையன்ட்டும் அதைச் சீக்கிரமே கண்டுபிடித்துவிடுவார்.

மறுப்பு எங்கிருந்து வருகிறது

1966இல் ஜாக் பிரெம் என்ற அமெரிக்க உளவியலாளர் ‘ரியாக்டன்ஸ்’ என்ற கருத்தை முன்வைத்தார். தன் சுதந்திரம் பறிபோகிறது என்று ஒருவருக்குத் தோன்றினால், அதைத் திரும்பப் பிடித்துக்கொள்ளும் உந்துதல் எழும். சொல்லப்படும் விஷயம் நல்லதா கெட்டதா என்பது இரண்டாம்பட்சம்தான். ‘நீ செய்தே ஆக வேண்டும்’ என்ற தொனியே போதும், செய்ய நினைத்தவரும் பின்வாங்குவார்.

ஆலோசனை அறையில் இது எப்படி நடக்கிறது என்று 1985இல் ஜெரால்ட் பேட்டர்சனும் மரியன் ஃபோர்காட்சும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். குடும்ப ஆலோசனைக்கு வந்த தாய்மாரிடம் ஆலோசகர்கள் பாடம் எடுக்கும்போதும் எதிர்த்துக் கேட்கும்போதும் ஒத்துழையாமை கூடியது. அந்தப் பேச்சைக் குறைத்தபோது அதுவும் குறைந்தது. 1993இல் வில்லியம் மில்லரும் அவருடைய சகாக்களும் மதுப்பழக்கம் உள்ளவர்களிடம் செய்த ஆய்விலும் இதே போக்குதான்: ஆலோசகர் எவ்வளவுக்கு எவ்வளவு எதிர்த்துப் பேசினாரோ, ஓராண்டு கழித்து அவ்வளவுக்கு அவ்வளவு அதிகம் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

எனவே ‘இந்த கிளையன்ட் ரொம்ப ரெசிஸ்டன்ட்’, அதாவது எதிர்ப்புக் காட்டுகிறவர், என்று கேஸ் ஃபைலில் எழுதுவதற்கு முன் ஒரு நிமிடம் நிறுத்துங்கள். 1984இலேயே ஸ்டீவ் டி ஷேசர் என்ற சிகிச்சையாளர் ‘எதிர்ப்பு’ என்ற அந்தக் கருத்துக்கே முடிவு கட்டிக் கட்டுரை எழுதினார். மோட்டிவேஷனல் இன்டர்வியூவிங் (மாறுவதற்கான காரணத்தை கிளையன்ட் வாயிலிருந்தே வரவைக்கும் பேச்சுமுறை) முறையை உருவாக்கிய மில்லரும் ஸ்டீபன் ரோல்னிக்கும் 2013இல் தங்கள் பாடநூலின் மூன்றாம் பதிப்பில் ‘எதிர்ப்பு’ என்ற ஒரே சொல்லை விட்டுவிட்டு, அதை இரண்டாகப் பிரித்துப் பார்க்கச் சொன்னார்கள். அந்தப் பிரிவிலிருந்தே நம் முதல் படி தொடங்குகிறது.

படி 1: என்ன மாதிரி மறுப்பு என்று பாருங்கள்

“குடிச்சாதான் சார் எனக்குத் தூக்கமே வருது.” இது மாற்றத்தைப் பற்றிய பேச்சு. பழக்கத்தை விட முடியாததற்கான அவர் தரப்பு நியாயம். இதில் கோபம் இல்லை, உங்களோடு சண்டையும் இல்லை. மாறலாமா வேண்டாமா என்று மனசு இரண்டாக இருக்கும் யாரும் இப்படித்தான் பேசுவார்கள்.

“உங்களுக்கு என்ன சார் தெரியும், நீங்க என் இடத்துல இருந்து பாருங்க.” இது உங்களைப் பற்றிய பேச்சு. உறவில் விரிசல் விழுந்திருக்கிறது. இங்கே தேர்வுகளை அடுக்கிக்கொண்டு போனால் எடுபடாது. முதலில் விரிசலைச் சரிசெய்ய வேண்டும்: “சரிதான். நான் உங்களைக் கேட்காமலே தீர்வுக்குப் போயிட்டேன். உங்க நாள் எப்படிப் போகுதுன்னு முதல்ல சொல்றீங்களா, நான் கேட்டுக்கறேன்.”

இந்த இரண்டிலும் சேராத மறுப்பும் உண்டு. சொன்னது புரியவில்லை, கேட்கக் கூச்சம். வேலை முடிந்து வந்த களைப்பு. கடும் மனச்சோர்வில் இருப்பவருக்கு எழுந்து பல் தேய்ப்பதே மலையாகத் தெரியும், அவரிடம் ஐந்து வழிகளை வைத்து ‘எது வேணும்?’ என்றால் அதுவே பாரமாகிவிடும். அங்கே தேர்வைச் சிறிதாக்குங்கள்: “இன்னைக்குப் பேசணுமா, இல்ல கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருக்கலாமா?” அவ்வளவு போதும்.

படி 2: எதில் தேர்வு இருக்கிறது, எதில் இல்லை என்று முன்கூட்டியே பிரித்து வையுங்கள்

அமர்வுக்கு முன் ஒரு தாளில் எழுதிப் பார்ப்பது நல்லது. எதைப் பற்றிப் பேசுவது, எந்த வேகத்தில் போவது, வீட்டில் எதையாவது செய்து பார்ப்பதா, வேறு யாரையாவது அமர்வுக்குக் கூட்டிவருவதா, தொடர்ந்து வருவதா நிறுத்துவதா என்பதெல்லாம் அவர் முடிவு. எந்த சிகிச்சை முறை, எத்தனை நாளுக்கு ஒரு முறை சந்திப்பது போன்றவை இருவரும் சேர்ந்து முடிவு செய்வது. உயிராபத்து, ஒரு குழந்தைக்குத் தீங்கு, ரகசியம் காப்பதன் எல்லைகள் ஆகியவற்றில் தேர்வு கிடையாது.

மூன்றாவது வகையில் இருப்பதை முதலாவது வகை மாதிரிப் பேசிவிடாதீர்கள். நீதிமன்றமோ அலுவலகமோ அனுப்பி வந்தவரிடம் “நீங்க வரணும்னு கட்டாயம் இல்லை” என்று சொன்னால் அது பொய். வராவிட்டால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். “இங்கே வர்றது உங்க முடிவு இல்லைன்னு தெரியும். ஆனா இந்த ஒரு மணி நேரத்தை எதுக்குப் பயன்படுத்தறதுங்கறது உங்க கையிலதான் இருக்கு” என்று சொல்லலாம். அதில் உண்மை இருக்கிறது, இடமும் இருக்கிறது.

படி 3: சின்னச் சின்னத் தேர்வுகளோடு தொடங்குங்கள்

பெரிய விஷயத்தில் ‘முடிவு உங்களுடையது’ என்று சொல்லும்போது நம்ப வேண்டுமானால், சின்ன விஷயத்தில் அதை அவர் ஏற்கெனவே அனுபவித்திருக்க வேண்டும். எந்த நாற்காலி, கதவு முழுக்க மூடியிருக்கட்டுமா கொஞ்சம் திறந்திருக்கட்டுமா, நான் குறிப்பு எடுத்தால் உறுத்துமா, உங்களை எப்படிக் கூப்பிடட்டும். இவையெல்லாம் முதல் ஐந்து நிமிடத்தில் வந்துவிடும் கேள்விகள். வன்முறையையோ விபத்தையோ கடந்து வந்தவர்களுக்கு இந்தச் சின்ன விஷயங்கள் சின்னவை அல்ல. அவர்களிடமிருந்து பறிக்கப்பட்டதே இந்தக் கட்டுப்பாடுதான்.

வளரிளம் பருவத்தினரிடம் இது இன்னும் முக்கியம். பெற்றோர் பையனைக் கூட்டிவந்து உட்கார வைத்திருப்பார்கள். அவனைக் கேட்டு யாரும் எதையும் முடிவு செய்திருக்க மாட்டார்கள். நீங்களும் ‘நீ’ போட்டு, “சொல்லுப்பா, என்ன பிரச்சினை?” என்று தொடங்கினால் இன்னொரு பெரியவர், அவ்வளவுதான். இப்படி ஆரம்பித்துப் பார்க்கலாம்:

“உன்னை ‘நீ’ன்னு கூப்பிடலாமா, ‘நீங்க’ன்னு கூப்பிடட்டுமா?”

தோள் குலுக்கல்.

“சரி, ‘நீ’ன்னே வெச்சுக்கறேன், பிடிக்கலைன்னா எப்ப வேணும்னாலும் சொல்லு. அம்மா ஒரு காரணம் சொன்னாங்க. அதைப் பத்திப் பேசலாம், இல்ல உனக்கு வேற எதாவது பேசணும்னா அதைப் பேசலாம். ரெண்டும் வேண்டாம்னா, இங்க என்ன நடக்கும், அம்மாகிட்ட நான் எதைச் சொல்வேன், எதைச் சொல்ல மாட்டேன்னு மட்டும் இன்னைக்குச் சொல்றேன்.”

“...அம்மாகிட்ட என்ன சொல்வீங்க?”

அவன் வாயைத் திறந்தது மூன்றாவது வழிக்கு. ‘பேச மாட்டேன்’ என்பதற்கும் மரியாதையான ஓர் இடம் கொடுத்ததால்தான் அந்தக் கேள்வி வந்தது. அடுத்த இருபது நிமிடமும் ரகசியம் பற்றியே போனாலும் அது வீண் அல்ல.

படி 4: வாக்கியத்தின் வாலைக் கவனியுங்கள்

தமிழில் அதிகாரம் பெரும்பாலும் வினைச்சொல்லின் கடைசியில்தான் ஒளிந்திருக்கும். ‘செய்யணும்’, ‘கூடாது’, ‘செஞ்சிடுங்க’ என்பவற்றை விட்டு ‘செய்யலாம்’ என்று மாறுவது எளிது, புதியவர்கள் ஓரிரு வாரத்தில் பழகிவிடுவார்கள். சிக்கல் அதற்கு அடுத்த அடுக்கில் இருக்கிறது.

“தினமும் எழுதிப் பார்க்கலாம்” என்பது தேர்வு. “தினமும் எழுதிப் பார்க்கலாமே” என்பதில் அந்த ஒற்றை ஏகாரம் லேசாக முதுகில் தள்ளுகிறது. “எழுதலாம் இல்ல?” என்றால் ‘ஆமாம்’ என்பதைத் தவிர வேறு பதிலுக்கு இடமில்லை. “நாம தினமும் எழுதுவோம், சரியா?” என்பது கேட்க அன்பாக இருக்கும். ஆனால் எழுதப் போவது அவர் மட்டும்தான், முடிவெடுத்ததோ நீங்கள். இதற்கெல்லாம் பதிலாகக் கடைசியில் நிஜமான கேள்வியை வையுங்கள்: “எழுதிப் பார்க்கறது உங்களுக்கு ஒத்துவருமா, வராதா?” ‘வராதா’ என்ற சொல்லை நீங்களே சொல்லிவிடுவதால் அவர் அதைச் சொல்வது எளிதாகிறது.

‘ஏன்’ என்ற கேள்வியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். “ஏன் எழுதலை?” என்றால் அது பள்ளிக்கூட ஞாபகத்தைத்தான் கிளப்பும். கூடவே, செய்யாததற்குக் காரணங்களை அவரே அடுக்கிச் சொல்லி, சொல்லச் சொல்ல அதை அவரே இன்னும் நம்ப ஆரம்பிப்பார். “அந்த வாரம் எப்படிப் போச்சு?” என்று கேட்டாலே விஷயம் வந்துவிடும்.

அப்புறம் ‘உங்க இஷ்டம்’. 2000இல் பிரான்சில் நிக்கோலா கெகனும் அலெக்சாந்தர் பாஸ்காலும் முன்பின் தெரியாதவர்களிடம் பேருந்துக்குச் சில்லறை கேட்டு ஒரு சோதனை செய்தார்கள். கேட்டுவிட்டு, ‘கொடுப்பதும் மறுப்பதும் உங்கள் விருப்பம்’ என்ற ஒரு வரியைச் சேர்த்தபோது கொடுத்தவர்கள் பல மடங்கு கூடினார்கள். இதைப் படித்துவிட்டு ஆலோசனை அறையில் “உங்க இஷ்டம்” என்று மொட்டையாகச் சொன்னால் விளைவு நேரெதிராக இருக்கும். நம் காதில் அந்தச் சொல் கோபித்துக்கொண்டு கைகழுவுகிறவரின் சொல். “அப்புறம் நீங்க பார்த்துக்கோங்க” என்பதும் அப்படித்தான். சுதந்திரத்தைச் சொல்லும்போது கூடவே நிற்பதையும் சொல்ல வேண்டும்: “இதுல முடிவு உங்களுடையதுதான். எந்தப் பக்கம் முடிவெடுத்தாலும் அடுத்த வாரம் நான் இங்கேதான் இருப்பேன், பேசலாம்.”

படி 5: வழிகளை முன்வைக்கும் முறை

முதலில் அவரிடம் இருப்பதைக் கேளுங்கள். ‘இதுக்கு முன்னாடி நீங்க என்ன செஞ்சு பார்த்திருக்கீங்க? எது கொஞ்சமாவது உதவுச்சு?’ பலர் ஏற்கெனவே பாதி வழி வந்திருப்பார்கள். அது தெரியாமல் நாம் முதலிலிருந்து தொடங்கினால் அவருக்கு எரிச்சல்தான் வரும்.

அடுத்து அனுமதி: ‘இதே மாதிரி சிரமத்துல இருந்த சிலர் செஞ்சு பார்த்த வழிகள் ரெண்டு மூணு இருக்கு. சொல்லட்டுமா, இல்ல முதல்ல இன்னும் கொஞ்சம் பேசணுமா?’ ‘சொல்லுங்க’ என்றால் மட்டும் சொல்லுங்கள். இரண்டு அல்லது மூன்றுக்கு மேல் வேண்டாம். எல்லாவற்றையும் ஒரே எடையில் சொல்ல வேண்டும். உங்களுக்குப் பிடித்ததை மட்டும் ஐந்து வாக்கியத்தில் விளக்கி, மற்ற இரண்டையும் போகிற போக்கில் சொன்னால் எது ‘சரியான விடை’ என்று அவருக்குத் தெரிந்துவிடும். ஒவ்வொன்றிலும் உள்ள சிரமத்தையும் சொல்லிவிடுங்கள்.

கடைசியில் பந்தை அவர் பக்கம் தள்ளுங்கள்: ‘இதுல எதாவது உங்களுக்குப் பொருந்துதா? இல்ல எதுவுமே சரிப்படலையா? வேற எதாவது தோணுதா?’ ‘எதுவுமே வேண்டாம்’, ‘என் சொந்த வழி’ என்ற இரண்டு கதவுகளும் எப்போதும் திறந்திருக்க வேண்டும். மில்லரும் ரோல்னிக்கும் கேட்டு, சொல்லி, மறுபடி கேட்கச் சொல்வதும் இதைத்தான்.

பிறகு வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். இதுதான் எனக்குத் தெரிந்து கடினமான பகுதி. தேர்வைக் கொடுத்துவிட்டு மூன்று நொடி மௌனம் தாங்காமல், ‘இல்லன்னா முதல் வழியையே எடுத்துக்கலாமே’ என்று நாமே முடித்துவிடுகிறோம். அவர் யோசிக்கிறார். யோசிக்கட்டும்.

படி 6: ‘வேண்டாம்’ என்றால் என்ன செய்வது

தேர்வு கொடுத்ததன் உண்மை இங்கேதான் சோதிக்கப்படுகிறது. ஓர் உரையாடலைக் கொஞ்சம் நீளமாகவே தருகிறேன். கற்பனை உரையாடல்தான், ஆனால் இதன் வளைவுகள் எல்லா ஆலோசகர்களுக்கும் பழக்கமானவை. பதற்றத்துக்காக வரும் ஒரு பெண், போன வாரம் எண்ணங்களை நோட்டில் எழுதிவர ஒப்புக்கொண்டவர், வெறுங்கையோடு வந்திருக்கிறார்.

“நோட்டு எழுதலை மேடம். ஸாரி.”

“பரவாயில்லை. அதுக்கு ஸாரி வேண்டாம். வாரம் எப்படிப் போச்சு?”

“எழுத உட்கார்ந்தாலே அதையெல்லாம் மறுபடி நினைக்க வேண்டியிருக்கு. எனக்கு அது வேண்டாம்.”

“எழுதினா அடங்கறதுக்குப் பதிலா கிளறிவிடற மாதிரி இருக்கு.”

“ஆமா. நீங்க நல்லதுக்குத்தான் சொன்னீங்க, தெரியும்...”

“நான் சொன்னதால மட்டும் அதை வெச்சுக்கணும்னு இல்லை. எழுதறதை நிறுத்திடலாம். இதைப் பேச வேண்டாம்னா, வேற எதுல இருந்து தொடங்கலாம்னு நீங்க சொல்லுங்க.”

(சிறிது மௌனம்.)

“எழுதறதுதான் பிரச்சினை. நினைப்பு எப்பவும் வந்துட்டுத்தான் இருக்கு. பஸ்ல வரும்போதுதான் ரொம்ப வரும்.”

“பஸ்ல.”

“ம். அப்ப போன்ல எதாவது பேசி ரெக்கார்ட் பண்ணிக்கலாமான்னு ஒருநாள் நினைச்சேன். பக்கத்துல ஆள் இருப்பாங்க, அதான் செய்யலை.”

“நீங்களே ஒரு வழி யோசிச்சிருக்கீங்க. அதை அப்படியே செஞ்சு பார்க்கறதா, பக்கத்துல ஆள் இருக்கறதுக்கு ஏத்த மாதிரி மாத்தறதா, இல்ல இந்த வாரம் அதை ஒதுக்கி வெச்சுட்டு வேற பேசறதா?”

“ஒரே ஒரு வார்த்தை டைப் பண்ணி வெச்சுக்கறேன். அது போதும் இல்ல?”

“உங்களுக்குப் போதும்னா போதும்.”

இதில் கவனிக்க வேண்டிய இடம், ‘எழுதறதை நிறுத்திடலாம்’ என்று ஆலோசகர் சொன்ன வரி. அதைச் சும்மா பேச்சுக்குச் சொல்லியிருந்தால், அடுத்த மூச்சிலேயே ‘ஆனா எழுதினா நல்லது’ என்று வந்திருக்கும். வரவில்லை. தள்ளுவதற்கு எதிரே யாரும் இல்லாதபோது அந்தப் பெண் தானாகவே ஒரு வழியைச் சொல்கிறார். ஒரு வார்த்தை டைப் செய்வது உங்கள் பாடப்புத்தகத்தில் உள்ள எண்ணப் பதிவேடு அல்லதான். ஆனாலும் அவரே தேர்ந்தெடுத்த அந்த ஒரு வார்த்தையைத்தான் அவர் அடுத்த வாரம் கொண்டுவர வாய்ப்பு அதிகம்.

இரண்டாவது, அந்தப் பெண் சொன்னதை ‘எழுதினா அடங்கறதுக்குப் பதிலா கிளறிவிடற மாதிரி இருக்கு’ என்று ஆலோசகர் திருப்பிச் சொன்ன வரி. தேர்வு கொடுப்பதற்கு முன் ஒரு முறையாவது இப்படிப் பிரதிபலிக்காவிட்டால், தேர்வுகள் கேள்விப் பட்டியல் போல ஒலிக்கும்.

சில சமயம் ‘வேண்டாம்’ என்பதற்குப் பின் எதுவும் வராது. ‘சரி’ என்று சொல்லி வேறு பேச்சுக்குப் போங்கள். அடுத்த வாரமும் ‘வேண்டாம்’ என்றால் அப்போதும் சரிதான். மூன்று நான்கு அமர்வுகள் எல்லாமே ‘வேண்டாம்’ என்று போனால், அதையே பேசுபொருளாக்கலாம்: ‘நான் எதைச் சொன்னாலும் சரிப்படாத மாதிரி இருக்கு. நம்ம இலக்கே வேற வேறயா இருக்கோன்னு யோசிக்கறேன். நீங்க என்ன நினைக்கறீங்க?’

போலித் தேர்வு வேண்டாம்

இந்தத் துறையில் மில்டன் எரிக்சன் பெயர் அடிபடாமல் இருக்காது. ஹிப்னோ தெரபியில், அதாவது ஹிப்னாடிச நிலைக்குக் கொண்டுபோய்ச் செய்யும் சிகிச்சையில், பெரிய பெயர். ‘நீங்கள் இப்போதே ஆழ்ந்துபோக விரும்புகிறீர்களா, கொஞ்ச நேரம் கழித்தா?’ என்பது போன்ற கேள்விகள் அவர் வழியில் வந்தவை. எந்தப் பதிலைச் சொன்னாலும் ஆழ்ந்துபோவது நடக்கும். இருவரும் எதற்காகச் சேர்ந்திருக்கிறார்கள் என்று தெளிவாக ஒப்புக்கொண்ட ஹிப்னோ அமர்வில் அதற்கு ஓர் இடம் இருக்கிறது.

‘வீட்டுப் பயிற்சியைக் காலையில் செய்யறீங்களா, சாயங்காலம் செய்யறீங்களா?’ என்று சாதாரண ஆலோசனையில் கேட்பது அதே வகை. செய்வதா என்று அவரைக் கேட்கவே இல்லை. விற்பனைப் பயிற்சியில் இதைச் சொல்லிக்கொடுப்பார்கள். ஆலோசகராகத் தொடங்குகிறவர்கள் இதைத் தொடவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பலன் தராது என்பதற்காக அல்ல, முதல் தடவை பலன் தரத்தான் செய்யும். தான் தேர்ந்தெடுத்ததாக நினைத்தது தேர்வே இல்லை என்று கிளையன்ட் உணரும் நாளில், நீங்கள் அதுவரை உண்மையாகக் கொடுத்த தேர்வுகள் எல்லாம் சேர்ந்து சந்தேகத்துக்கு உள்ளாகும். ‘செய்யறதா இருந்தா, காலைல வசதியா, சாயங்காலமா?’ என்று ‘செய்யறதா இருந்தா’ சேர்த்தாலே கேள்வி நேர்மையாகிவிடும்.

‘நீங்களே சொல்லுங்க’ என்பவரிடம்

எல்லோரும் தேர்வு கேட்டு வருவதில்லை. ‘எனக்கு யோசிக்கத் தெம்பு இல்லை, உங்களுக்குத்தான் தெரியும், நீங்களே சொல்லுங்க’ என்பார்கள். அப்போதும் ‘உங்களுக்கு என்ன தோணுது?’ என்று கேள்வியையே திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தால் அது அவரைத் தவிக்க விடுவதுதான். உளவியலாளர் லாரி பியூட்லரும் அவர் குழுவினரும் பல ஆண்டுகள் ஆராய்ந்து சொன்னது: எதிர்த்து நிற்கும் இயல்பு அதிகம் உள்ளவர்களுக்கு வழிநடத்தல் குறைந்த சிகிச்சை நன்றாகப் பலிக்கிறது, அந்த இயல்பு குறைவாக உள்ளவர்களுக்கு நேரடியாக வழிகாட்டுவது நன்றாகப் பலிக்கிறது.

உளவியலாளர்கள் எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் இருவரின் சுயநிர்ணயக் கோட்பாட்டிலும் இதற்கு விடை இருக்கிறது. தன்னாட்சி என்றால் யார் பேச்சையும் கேட்காமல் தனியாக நிற்பது என்று அவர்கள் சொல்லவில்லை. மனம் ஒப்பி ஒருவர் அறிவுரையை ஏற்றுக்கொண்டால் அதுவும் தன்னாட்சிதான். ஆகவே கேட்டால் தயங்காமல் சொல்லுங்கள்: ‘என்னைக் கேட்டா, முதல்ல தூக்கத்தைச் சரிபண்ணுவேன். காரணம் இது. சொல்றதைக் கேட்டுட்டு, ஒத்துவரலைன்னா சொல்லுங்க, மாத்திக்கலாம்.’ பெரியவர்களை மறுத்துப் பேசிப் பழகாதவர்கள் முகத்துக்கு நேரே ‘சரி’ என்றுதான் சொல்வார்கள். அவர்களுக்கு ‘மாத்திக்கலாம்’ என்ற அந்தக் கடைசி வரி ரொம்பவே தேவை.

தேர்வு இல்லாத இடம்

தற்கொலை எண்ணம், பிறருக்குத் தீங்கு, குழந்தைக்கு ஆபத்து என்று தெரிய வந்தால் மேலே சொன்ன நயங்களை ஓரமாக வையுங்கள். ‘இதைப் பத்திப் பேசலாமா வேண்டாமா?’ என்று கேட்கும் இடம் இல்லை. ‘சாகணும்னு நினைக்கறீங்களா?’ என்று நேராகக் கேட்க வேண்டும். உங்கள் மேற்பார்வையாளருக்கோ அவசர சிகிச்சைக்கோ தகவல் போக வேண்டியிருந்தால் போகும் என்பதையும் நேராகச் சொல்ல வேண்டும்.

அங்கேயும் ‘எப்படி’ என்பதில் அவருக்கு இடம் இருக்கும். ‘உங்களைத் தனியா அனுப்ப முடியாது, அதுல நான் உறுதியா இருக்கேன். யாரை வரச்சொல்லலாம், நீங்க பேசறீங்களா நான் பேசட்டுமா, அதை நீங்க சொல்லுங்க.’ பார்பரா ஸ்டான்லியும் கிரிகரி பிரவுனும் வடிவமைத்த பாதுகாப்புத் திட்டமும் இந்த அடிப்படையில்தான் நிற்கிறது. ஆபத்து நேரத்தில் செய்ய வேண்டியவை வரிசையாக இருக்கும், ஆனால் ஒவ்வொரு கட்டத்தையும் கிளையன்ட்டோடு உட்கார்ந்து அவர் சொற்களிலேயே நிரப்ப வேண்டும். எச்சரிக்கை அறிகுறி என்ன, யாரை அழைப்பார், கைக்கு எட்டாமல் எதை அப்புறப்படுத்த வேண்டும் என்பதெல்லாம் அவர் வாயிலிருந்து வந்தால்தான் அந்தத் தாள் இரவு இரண்டு மணிக்குப் பயன்படும்.

பழகுவது எப்படி

கிளையன்ட்டின் எழுத்துபூர்வ அனுமதியோடு ஓர் அமர்வைப் பதிவு செய்யுங்கள். பதிவு செய்வதும் அவர் தேர்வுதான், மறுத்தால் அமர்வு எந்த விதத்திலும் மாறாது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பிறகு பத்து நிமிடப் பகுதியை மட்டும் கேட்டு, உங்கள் வாக்கியங்களை ஒன்றுவிடாமல் எழுதுங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் குறி போடுங்கள்: கட்டளை, தள்ளுகிற கேள்வி, நிஜமான தேர்வு, பிரதிபலிப்பு. மோட்டிவேஷனல் இன்டர்வியூவிங் பயிற்சியில் இதற்கென்றே ‘எம்ஐடிஐ’ என்ற மதிப்பீட்டு முறை இருக்கிறது. அதில் தன்னாட்சியை வலியுறுத்தும் வாக்கியங்களும் அனுமதி இல்லாமல் வற்புறுத்தும் வாக்கியங்களும் தனித்தனியாக எண்ணப்படும். முறையான பயிற்சி கிடைக்கும்வரை உங்கள் சொந்தக் குறிகளே போதும்.

எண்ணிக்கையைவிட, தேர்வு கொடுத்ததற்கு அடுத்த வரியைப் பாருங்கள். கிளையன்ட் என்ன சொன்னார்? அவர் வாக்கியம் நீண்டதா, சுருங்கியதா? அவரே புதிதாக ஏதாவது சேர்த்தாரா, இல்லை ‘ம்’ என்று நிறுத்திவிட்டாரா? நீண்டிருந்தால் அங்கே நீங்கள் சொன்னது அவரைப் போய்ச் சேர்ந்திருக்கிறது. சுருங்கியிருந்தால் அந்த இடத்தை மட்டும் மறுபடி ஓடவிட்டு, உங்கள் வாக்கியத்தின் கடைசிச் சொல்லிலிருந்து பின்னோக்கித் திருத்தி எழுதிப் பாருங்கள். திருத்தியதை வாய்விட்டுச் சொல்லியும் பார்க்க வேண்டும், எழுத்தில் மென்மையாகத் தெரிவது குரலில் அதட்டலாக வரலாம். அடுத்த மேற்பார்வைச் சந்திப்புக்கு அந்த ஓர் இடத்தைக் கொண்டுபோங்கள், முழு அமர்வும் வேண்டாம்.